கணக்கெடுப்பாளர் எழுதிச் செல்வதை நாமும் எழுதி வைப்போம்

“சென்சஸில் எங்கள் தாத்தா பெயர் இருக்குமே, அதை வாங்கிக் கொடுத்தால் போதாதா?” சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டவர்களும், குடியிருப்பு மனைக்குத் தாமே வாரிசு என்று நிறுவ இயலாதவர்களும் திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும்போது கேட்கும் கேள்வி இது. போதாது என்பது மட்டுமல்ல, அப்பதிவு கிடைக்கவே கிடைக்காது என்பதே சட்டம் தரும் விடை.

1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், பிரிவு 15, கணக்கெடுப்புப் பதிவுகளைப் பார்வையிடும் உரிமை எவருக்கும் இல்லை என்கிறது. உரிமையியல் வழக்கு எதிலும் அவற்றைச் சான்றாக ஏற்கவும் இயலாது. மக்கள் அஞ்சாமல் உண்மை சொல்ல வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அதில் நமக்குப் பிணக்கு இல்லை. ஆனால் அமெரிக்காவில் 72 ஆண்டுகள் கழிந்ததும் குடும்பவாரிப் பதிவுகள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022இல் அவ்வாறு வெளியானது. இங்கிலாந்தில் அந்தக் காலவரம்பு 100 ஆண்டுகள். அங்குள்ளோர் தம் பாட்டனின் பெயர், வயது, தொழிலை அவ்வேட்டில் காண்கின்றனர். நம் சட்டத்திலோ அத்தகைய காலவரம்பே இல்லை. 1951இல் கணக்கெடுப்பாளர் நம் பாட்டனிடம் கேட்டு எழுதியதில் நமக்கு எஞ்சியிருப்பது ஓர் எண் மட்டுமே.

இதில் கசப்பான முரண் ஒன்று உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரின் கப்பல் பட்டியல்கள் பேணப்பட்டுள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கடல் கடந்த கூலியின் கொள்ளுப்பேரன் இன்று தன் ஊரைத் தேடி வர முடிகிறது. கூலிக்கு ஆள் பிடித்தவனுக்குக் கணக்கு தேவைப்பட்டது, ஆகவே பெயர் பிழைத்தது. அதே ஊரின் சேரியில் தங்கிவிட்ட தம்பியின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

காவிரிப் படுகையில் நிலம் மிராசுதாரின் பெயரில் இருந்தது. பண்ணையாளின் குடிசை நின்ற மனையும் பெரும்பாலும் அவருடையதே. எனவே நில ஆவணங்களில் உழைத்தவனின் பெயர் ஏறவில்லை. 1952ஆம் ஆண்டின் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய வந்த 1969ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்போருக்கே மனையை உரிமையாக்கிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றுக்குப் பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. இடையில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். எங்கள் கைக்கு வந்த பல கோப்புகளில், பாட்டனின் பெயர் அரசு முத்திரையோடு காணப்படும் மிகப் பழைய தாள் குடியிருப்பு மனைப் பட்டாதான். அதையும் 2018இல் கஜா புயல் கூரையோடு சேர்த்துக் கொண்டுபோன வீடுகள் உண்டு.

தேடுவோரைத் திகைக்க வைக்கும் இன்னொன்று சாதிப்பெயர். ‘பறையர்’, ‘பஞ்சமர்’ என்று எழுதப்பட்டு வந்தோர், எம்.சி.ராஜா முதலானோரின் முயற்சியால் 1922க்குப் பின் அரசு ஏடுகளில் ‘ஆதி திராவிடர்’ ஆயினர். எனினும் பட்டியலில் இன்றும் ஆதி திராவிடர், பறையர் இரண்டும் தனித்தனிப் பெயர்களாகவே நிற்கின்றன. பள்ளர் உள்ளிட்ட ஏழு பெயர்கள் 2021இல் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்ற பெயரின்கீழ் வந்தன. ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சான்றிதழ்களில் மூன்று பெயர்கள் இருப்பது மோசடிக்கு அடையாளமன்று. இதை அலுவலர்களுக்கு விளக்குவதிலேயே எங்கள் காலத்தில் பாதி கழிகிறது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என்பதே அது பற்றிய பேச்சாக இருக்கிறது. பட்டியல் சாதியினரோ எப்போதும் எண்ணப்பட்டே வந்துள்ளனர். நமக்கு எண்ணிக்கை என்பது சட்டமன்றத் தனித்தொகுதி. ஊராட்சித் தலைவர் பதவி. 2011இல் தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர்; திருவாரூர் மாவட்டத்தில் 34 விழுக்காடு. ஆகவே கணக்கெடுப்பாளர் தெருமுனையில் நின்று யாரோ சொல்வதைப் பதிந்துகொண்டு போக விடக்கூடாது. வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அறிந்தே பொய்ப்பதிவு செய்யும் அலுவலருக்குப் பிரிவு 11 தண்டனை விதிக்கிறது.

அதே நாளில், அதே கேள்விகளுக்கான விடைகளை வீட்டில் ஒரு நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. பாரதிய சாட்சிய அதிநியமம் 2023, பிரிவு 26இன்படி, இறந்துபோன ஒருவர் தாம் நன்கறிந்த இரத்த உறவு, திருமண உறவு பற்றித் தகராறு எழுவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அக்கூற்று சான்றாக ஏற்கத்தக்கது. பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 32இலும் இவ்விதி இருந்தது. அரசின் கணக்கெடுப்பு ஏட்டுக்கு நீதிமன்றத்தில் இல்லாத இடம், பாட்டி சொல்லக் கேட்டு எழுதி, அவர் கைநாட்டும் தேதியும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பெற்ற நோட்டுக்கு உண்டு. வழக்கு வந்தபின் எழுதினால் பயனில்லை.

கணவர் பெயரைச் சொல்லத் தயங்கும் பெண்ணை அதைச் சொல்லுமாறு வற்புறுத்தக்கூடாது என்று கணக்கெடுப்புச் சட்டத்தின் பிரிவு 8 கூறுகிறது. வீட்டு நோட்டில் அந்தத் தயக்கம் தாத்தாவின் பெயரையே அழித்துவிடும். பேரப்பிள்ளை சொல்ல, பாட்டி தலையசைக்கட்டும். பிறந்த ஆண்டு தெரியாதென்றால் புயலைக் கேளுங்கள்: 1952 புயலுக்கு முன்பா பின்பா, 1977 புயலின்போது கையில் எத்தனை பிள்ளைகள்? பண்ணையில் அழைத்த பெயர், பள்ளியில் எழுதிய பெயர், பாட்டி பிறந்த ஊர், மலேயாவுக்குப் போனவரின் பெயர் எல்லாம் அதில் இடம்பெற வேண்டும். ஊர்ப்பெயரோடு பழைய மாவட்டத்தையும் குறியுங்கள். நாகப்பட்டினம் 1991இலும் திருவாரூர் 1997இலும் மயிலாடுதுறை 2020இலும்தான் தனி மாவட்டங்களாயின. 1991க்கு முந்தைய ஏடுகளில் உங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம் என்றே இருக்கும்.