பரிசோதனைக்கும் ஒரு நாள் விடுப்பு

“உடம்புக்கு ஒன்றும் இல்லையே; ஒரு நாள் சம்பளத்தை எதற்கு இழக்க வேண்டும்?” மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவோர் பலர் கூறும் காரணம் இதுவே.

ஜவுளிக்கடையில் பணிபுரியும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். காய்ச்சல் கண்டாலும் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குச் செல்பவர் அவர். சம்பளப் பிடித்தத்திற்கு அஞ்சும் அவர், அறிகுறியே இல்லாதபோது விடுப்புக் கேட்பாரா?

ஆயினும், உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் தொடக்கத்தில் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் அவ்வாறே. பரிசோதனையைத் தவறவிட்டவர் பின்னாளில் பக்கவாதத்துடனோ சிறுநீரகச் செயலிழப்புடனோ வரும்போது, இழப்பது ஒரு நாள் சம்பளம் அன்று. பல மாத வருவாய். உடனிருந்து கவனிப்பவரின் வருவாயும் அதனுடன் குறைகிறது.

கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணிபுரிவோருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஆண்டுக்கு 12 நாட்கள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பும், நியாயமான பிற காரணங்களுக்கு 12 நாட்கள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பும் வழங்குகிறது. நோயுறாத நிலையில் செய்துகொள்ளும் பரிசோதனைக்குத் தற்செயல் விடுப்பைக் கேட்கலாம்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ளவர்களுக்கு, தகுதி பெற்றிருப்பின், மருத்துவர் சான்றளிக்கும் நோய்க்காலத்தில் சம்பளத்தின் 70 விழுக்காடு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்களுக்குப் பொதுவாக இத்தொகை கிடைப்பதில்லை. ஆகவே, ஒரு நாள் பரிசோதனைக்கு இதனை நம்பியிராமல், விடுப்பையே திட்டமிட்டுக் கொள்வது நலம்.

விடுப்பெடுக்க இயலாத தொழிலாளர்களை முன்னிட்டு, அவர்கள் பணியாற்றும் இடத்திற்கே பரிசோதனையைக் கொண்டு செல்லும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024இல் தொடங்கியது. உங்கள் பணியிடத்திற்கு அக்குழு வரும் நாளில் தவறாமல் பயன்படுத்திக் கொள்ளுங்கள்.

நிறைவாக, நோயாளிக்குத் துணையாக வந்து இதனைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய விடுப்பை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் கடைசியாகப் பார்த்தது எப்போது? 30 வயதைக் கடந்தவராயின், வீடு திரும்பும் முன் செவிலியரிடம் கேட்டுப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். வெளிநோயாளர் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளை பணியிடத்தில் காரணம் கேட்டால் அதுவே சான்றாகும்.