உங்களுக்குத் தெரியுமா? பிரேக் இல்லாத பந்தயங்கள்

ஸ்பீட்வே பந்தயத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது. முன் சக்கரத்திலும் இல்லை, பின் சக்கரத்திலும் இல்லை. கியர் ஒன்றே ஒன்று. 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு மண் தடத்தில் நாலு பேர் இடப்புறமாகவே நாலு சுற்று சுற்றுகிறார்கள். வளைவில் பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டுத் திரும்புவதுதான் வித்தை. பிரேக் வைத்தால் ஒருவர் திடீரென்று நிற்க, பின்னால் வருகிறவர் மேலே ஏறிவிடுவார். யாருக்குமே இல்லாததுதான் பாதுகாப்பு என்பது அவர்கள் கணக்கு.

நம் அறந்தாங்கி, திருமயம் பக்கத்துச் சாலைகளில் ஓடும் பந்தய மாட்டு வண்டிக்கும் பிரேக் கிடையாது. மூக்கணாங்கயிறுதான் எல்லாம். ஆனால் இங்கே யாரும் அதற்குக் கணக்குச் சொல்வதில்லை.

●

புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துச் சுவரொட்டிகளில் ‘மாட்டு வண்டி எல்கைப் பந்தயம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து, எல்லையைத் தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. தப்பில்லை. எல்கை என்பது எல்லைக்கு இன்னொரு வடிவம், அகராதியிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து கிளம்பி, குறித்த எல்கையைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். அதனால் தூரத்தை ‘போய்வர 8 மைல்’, ‘போய்வர 6 மைல்’ என்றுதான் சொல்வார்கள். 8 மைல் என்பது ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

இதில் ஒரு வேடிக்கை. மைலை நமக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். அவர்கள் நாட்டுச் சாலைப் பலகைகளில் இன்னும் மைல்தான். ஆனால் அவர்களுடைய ஸ்பீட்வே தடங்களின் நீளத்தை மட்டும் மீட்டரில் சொல்கிறார்கள். மான்செஸ்டரில் உள்ள தேசிய ஸ்பீட்வே அரங்கின் தடம் ஒரு சுற்றுக்கு 347 மீட்டர். புதுக்கோட்டை கிராமத்துப் பந்தயம் மைலில் ஓடுகிறது!

●

கரிச்சான், தேன்சிட்டு, பூஞ்சிட்டு. பறவைகளின் பட்டியல் அல்ல, பந்தயத்தில் ஓடும் மாடுகளின் வகுப்புகள். பெரிய மாடு, நடுமாடு என்று மேலே இரண்டு. உருவம் சிறுத்துக்கொண்டே வர, பெயரும் குருவியாகிவிடுகிறது. கரிச்சானை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் புரியும். ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும், ஆனால் தன் கூட்டுப் பக்கம் வரும் பருந்தையே துரத்தும்.

பிரிட்டிஷ் ஸ்பீட்வே அணிகளுக்கும் இந்த ஆசை உண்டு. லெஸ்டர் சிங்கங்கள், ஷெஃபீல்டு புலிகள், வுல்வர்ஹாம்டன் ஓநாய்கள், பீட்டர்பரோ சிறுத்தைகள், கவன்ட்ரி தேனீக்கள். ஸ்விண்டன் அணிக்கு மட்டும் ராபின் குருவி. இப்ஸ்விச் அணிக்காரர்கள் ஒருபடி மேலே போய் ‘சூனியக்காரிகள்’ என்றே வைத்துக்கொண்டார்கள். நம் ஊர்த் திருவிழாவில் அந்தப் பெயரில் ஒரு ஜோடியை இறக்கினால், மற்ற வண்டிக்காரர்கள் எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள்.

●

ஸ்பீட்வே வீரர் இடது காலில் லாடம் கட்டுகிறார். நிஜமாகத்தான். வளைவில் இடது காலைத் தரையில் இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதால் அந்தக் கால் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு மாட்டியிருப்பார்கள். தார்ச்சாலையில் ஓடும் நம் மாட்டுக்கு நாலு காலிலும் லாடம், அங்கே மனிதனுக்கு ஒற்றைக் காலில். தீனியும் அப்படித்தான்: அந்த வண்டிக்கு மெத்தனால், இந்த ஜோடிக்குப் பருத்திவிதை.

●

மாட்டு வண்டியில் இரண்டு பேர். கயிற்றைப் பிடிப்பவர் சாரதி, கூட இருப்பவர் துணைச் சாரதி. துணைச் சாரதியின் வேலையைப் பார்த்தால்தான் நம்ப முடியும். ஓடுகிற வண்டியிலிருந்து குதிப்பார், மாட்டோடு கூடவே ஓடித் தட்டிக்கொடுப்பார், அதே வேகத்தில் தாவி ஏறிக்கொள்வார். கூட்டத்தின் கண் மாட்டின் மேல் இருக்கும், என் கண் எப்போதும் இவர் மேல்தான். பரிசளிப்பு மேடையில் முதலில் கூப்பிடப்படுவது மாட்டுக்காரர் பெயர், அப்புறம் சாரதி. துணைச் சாரதிக்குத் துண்டு போர்த்தினால் பெரிய விஷயம்.

●

ஸ்பீட்வேயில் முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. நாலாமவருக்குச் சுழி. எல்கைப் பந்தயத்தில் நாலாவதாக வந்தாலும் பெரும்பாலும் பரிசு உண்டு. வண்டிகள் கூடுதலாக வந்துவிட்டால் பிரித்து இரண்டு பந்தயமாக ஓட்டிவிடுவதும் உண்டு. வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது ஊருக்கு அழகில்லை.

●

ஸ்பீட்வேயின் பிறப்பிடம் என்று பரவலாகச் சொல்லப்படுவது ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மைட்லண்ட். 1923 டிசம்பர் 15. அங்கே விவசாயச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜானி ஹாஸ்கின்ஸ் என்பவர், சங்கத்தின் கண்காட்சி மைதானத்தில் விளக்குப் போட்டு மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டார். ஆக, இந்த எஞ்சின் விளையாட்டும் விவசாயிகளின் மைதானத்தில் பிறந்ததுதான்.

இங்கிலாந்துக்கு அது வந்து சேர்ந்தது 1928 பிப்ரவரி 19. லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டில், ஹை பீச் என்ற இடத்தில், ஒரு மதுக்கடைக்குப் பின்னால் இருந்த தடம். சில ஆயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், முப்பதாயிரம் பேர் வரை வந்ததாகச் சொல்வார்கள். தடத்துக்கு உள்பக்கமும் ஜனம், வெளிப்பக்கமும் ஜனம், நடுவில் வண்டி. நம் சாலையோரக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

●

இந்தக் கதைக்கும் புதுக்கோட்டை அரண்மனைக்கும் நடுவே ஒரு மெல்லிய நூல் ஓடுகிறது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குதிரைப் பந்தயப் பிரியர். 1915-இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி ஃபிங்கை மெல்போர்னில் மணந்தார். பிரிட்டிஷ் அரசு அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. புதுக்கோட்டையில் அதிக நாள் இருக்க முடியாமல் தம்பதி ஆஸ்திரேலியா திரும்பினார்கள். அங்கே ராஜா பந்தயக் குதிரைகள் வைத்திருந்தார். 1916-இல் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர். ஊர்ப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது நமக்குப் புதிதில்லை, ஊர்தான் கொஞ்சம் தூரம்.

வெஸ்ட் மைட்லண்ட் சிட்னிக்கு வடக்கே இருக்கிறது. அங்கே முதல் பந்தயம் நடந்தபோது ராஜா குடும்பம் பிரான்சுக்குப் போய்விட்டிருந்தது. ஹை பீச்சில் எஞ்சின் உறுமி மூன்று மாதம் கடந்திருக்கும், 1928 மே 28 அன்று பாரிசில் ராஜா காலமானார். உடல் ஊர் திரும்பவில்லை, லண்டனில் தகனமானது.

●

ஒரு காலத்தில் பிரிட்டனில் கால்பந்துக்கு அடுத்தபடி கூட்டம் கூடியது ஸ்பீட்வேக்குத்தான். 1936-இல் முதல் உலக இறுதிப் போட்டி வெம்ப்ளி அரங்கில் நடந்தது. வென்றவர் ஆஸ்திரேலியாவின் லயனல் வான் பிராக். 1981-இல் அதே வெம்ப்ளியில் கடைசியாக உலக இறுதி நடந்தபோது 90,000 பேருக்கு மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவின் புரூஸ் பென்ஹால் ஜெயித்தார்.

இப்போது அணிகளே தடம் இல்லாமல் தவிக்கின்றன. கவன்ட்ரி தேனீக்களின் பிராண்டன் தடம் 2016-க்குப் பிறகு ஓயவே, அரங்கம் பாழடைந்து தீயும் வைக்கப்பட்டது. நிலத்தில் வீடு கட்ட விரும்பியவர்களுக்கும் ரசிகர்களுக்கும் வருடக்கணக்கில் இழுபறி. வுல்வர்ஹாம்டன், பீட்டர்பரோ இரண்டும் 2023-ஓடு தங்கள் தடங்களை இழந்தன. லண்டனின் விம்பிள்டன் அணி 2005-இலேயே போய்விட்டது. அது ஓடிய இடத்தில் இன்று ஒரு கால்பந்து அரங்கம் நிற்கிறது. பல தடங்கள் அணிகளுக்குச் சொந்தமில்லை, நாய்ப் பந்தய அரங்குகளில் வாடகைக் குடித்தனம். வீட்டுக்காரர் விற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். விதிவிலக்காக மான்செஸ்டரில் 2016-இல் பெல் வ்யூ அணிக்காகப் புத்தம்புது அரங்கம் எழுந்தது.

●

தடம் தேய்ந்தாலும் வீரர்கள் தேயவில்லை என்பது விசித்திரம். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த டாய் வுஃபிண்டன் 2013, 2015, 2018 என மூன்று முறை உலக சாம்பியன். 2021-இலும் 2024-இலும் நாடுகளுக்கு இடையிலான அணிப் பட்டத்தை பிரிட்டன் மான்செஸ்டரிலேயே வென்றது. ராபர்ட் லாம்பர்ட், டான் பியூலி இரண்டு முறையும் அணியில் இருந்தார்கள். ஆனால் இவர்களுக்குச் சோறு போடுவது முக்கியமாகப் போலந்து. அங்கேதான் பணம், அங்கேதான் கூட்டம். ஆறு முறை தனிநபர் உலகப் பட்டம் வென்ற பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக் அந்த நாட்டுக்காரர். ஒரே வாரத்தில் இங்கிலாந்து, போலந்து, ஸ்வீடன் என்று வண்டியைத் தூக்கிக்கொண்டு அலையும் வீரர்கள் உண்டு.

நம் சாரதிகளும் ஏறக்குறைய அப்படித்தான். இன்று ஒருவர் ஜோடி, அடுத்த வாரம் இன்னொருவர் ஜோடி. ஆடி மாதம் ஊருக்கு ஊர் கொடை வந்தால் நிற்க நேரமில்லை. இங்கே விமானத்துக்குப் பதில் மினி லாரி, அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் போலந்தின் குரோஸ்னோ தடத்தில் விழுந்த வுஃபிண்டனுக்கு உடம்பில் பல எலும்புகள் முறிந்தன. பிரேக் இல்லாத வண்டிக்கு இந்த விலையும் உண்டு.

●

கொங்கு நாட்டு ரேக்ளாவும் நம் எல்கைப் பந்தயமும் ஒன்றல்ல. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தூரம் 200 மீட்டர், 300 மீட்டர்தான். வண்டி தனியாக ஓடும், எதிராளி கடிகாரம். மாட்டைப் பல் பார்த்துப் பிரிப்பார்கள். இங்கே மைல் கணக்கில் கூட்டமாக ஓட்டம், எதிராளி பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டு வருவார். கொங்கு ரேக்ளா ஓர் ஓட்டப்பந்தயம் என்றால் இது ஊர்வலமும் சண்டையும் சேர்ந்தது. எனக்கு இதுதான் பிடிக்கும், ஊர்ப்பாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

●

கோவை செட்டிபாளையத்தில் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ இருக்கிறது. பெயரைப் பார்த்து மண் தடம் என்று போய்விடாதீர்கள், 2.1 கிலோமீட்டர் தார்த் தடம். 1995-இல் விமான விபத்தில் இறந்த பந்தய வீரர் கரிவரதனின் நினைவாக வைத்த பெயர். தமிழ்நாட்டின் எஞ்சின் பந்தயம் முதலில் வளர்ந்தது சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்குச் சொந்தத் தடம் வந்தது.

●

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது ஜல்லிக்கட்டுக்கு மட்டுமல்ல, மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் சேர்த்துத்தான். 2017 ஜனவரியில் மெரினா கொதித்தபோது எல்லார் வாயிலும் ஜல்லிக்கட்டு. சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தமும் ஜல்லிக்கட்டு என்றால் என்ன என்று வரையறுத்தது: மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றும் அதில் அடங்கும், ஜனவரி முதல் மே வரை நடத்தலாம். வண்டிப் பந்தயத்தின் பெயர் அந்த வரியில் இல்லை.

மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தங்கள் சட்டங்களில் மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பெயர் சொல்லியே எழுதிக்கொண்டன. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்றது. வாடிவாசல் வழியாக வந்த வெற்றியில் நம் வண்டிக்காரரும் கைதட்டினார், பெயர் தன்னுடையது இல்லை என்பதைக் கவனிக்காமல். பிரிட்டனில் ஸ்பீட்வேயின் நிலம் போகிறது, இங்கே எழுத்தில் பெயர் இல்லை. ஊருக்கு ஊர் அனுமதிக் கடிதத்துக்கு நடக்கும் விழாக் குழுவினரைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

●

வாடிவாசலைச் சொல்லிவிட்டு நம் பெருமையைச் சொல்லாமல் விட முடியுமா? கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில், ஜனவரி தொடக்கத்தில், தை பிறக்கும் முன்பே மாநிலத்தின் முதல் ஜல்லிக்கட்டு நடந்துவிடுவது அண்மை ஆண்டுகளின் வழக்கம். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,350-க்கும் மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. அன்று பார்வையாளர் இருவர் உயிரிழந்ததும் அதே நாளின் செய்திதான்.

●

பந்தயம் தொடங்கும் முன் சாலையை மறிக்கிறார்கள். பஸ்கள் சுற்றி விடப்படுகின்றன. மரத்தடி, கண்மாய்க் கரை, வீட்டு மாடி எல்லாம் ஆள். முன்னால் எச்சரிக்கை வண்டி, நடுவில் மாடுகள், பின்னால் அடக்க முடியாத மோட்டார் சைக்கிள் கூட்டம். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிக் களைத்துப்போவது இந்தக் கூட்டத்தோடுதான். கடைசி வண்டி எல்கையிலிருந்து திரும்பி, நுகத்தடியை இறக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது ஒலிபெருக்கியில் இன்னும் பரிசுப் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் அறந்தாங்கி பஸ் ஹாரன் அடித்தபடி அந்தத் தடத்தின் மேலேயே வந்துவிடும், சக்கரத்தில் சாணி அப்பிக்கொண்டு.