வராதே என்ற கொடியும் வா என்ற கொடியும்

(எமது வானொலியின் இலக்கிய நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சில கிழமைகளுக்கு முன்னர், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து காரில் ஏறிய என் மகள் ஒரு வரைவிலக்கணத்தை மனனம் செய்துகொண்டு வந்தாள். இயல்பாக நடக்கும் ஒன்றின் மீது கவிஞர் தன்னுடைய குறிப்பை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி. உதாரணம், மதுரைக் கோட்டைக் கொடிகள். பிழையில்லாமல் ஒப்புவித்தாள். பிறகு கேட்டாள்: "அப்பா, கொடி காத்துக்குத்தானே ஆடுது? அது வராதேயெண்டு சொல்லுறதெண்டால் பொய்தானே?"

பரீட்சைக்கு அந்தக் கேள்வி வராது. ஆனால் அணி இலக்கணம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் கதையில் அந்த இடத்தைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளில் 13ஆவது புறஞ்சேரி இறுத்த காதை. பொருளெல்லாம் இழந்த கோவலனும் கண்ணகியும், கவுந்தியடிகள் துணையோடு, புகாரிலிருந்து கால்நடையாகவே மதுரை எல்லைக்கு வந்துவிட்டார்கள். எதிரே வையை ஆறு. கரை மரங்களின் பூக்கள் உதிர்ந்து தண்ணீரே தெரியாமல் ஆற்றை மூடியிருக்கின்றன. கண்ணகிக்கு நேரப்போவதை முன்னமே அறிந்தவள் போல, வையை என்ற பெண் பூவாடையால் உடலைப் போர்த்து, கண்ணில் நிறைந்த நீரை மறைத்துக்கொண்டாள் என்கிறார் இளங்கோ. ஆற்றைக் கடந்தால் அகழி. அங்கே குவளையும் ஆம்பலும் தாமரையும் கண்ணீரோடு நடுங்குகின்றன. அதற்கு மேலே மதில். போரில் வென்று ஏற்றிய நெடுங்கொடிகள், வரவேண்டாம் என்று கை காட்டுவது போல அசைகின்றன.

இந்த இடத்தில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒன்று உண்டு. கோவலனுக்கும் கண்ணகிக்கும் இவற்றில் ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் கண்டது பூ நிறைந்த அழகான ஆற்றை. இது தண்ணீர் ஆறு அல்ல, பூவாறு என்று வியந்து, கும்பிட்டுவிட்டு மரப்புணையில் ஏறிக் கடந்து போகிறார்கள். கண்ணீர் தெரிந்தது கதை கேட்கிற எங்களுக்கு மாத்திரம். உள்ளே போனால் சிலம்பு விற்கப் போகிறவன் கள்வன் என்று கொல்லப்படுவான் என்பது எங்களுக்குத் தெரியும். போகாதே என்று கத்தவேண்டும் போல இருக்கும். கத்தினாலும் கதைக்குள் கேட்காது. அந்தத் தவிப்பைத்தான் இளங்கோ ஒரு கொடியின் கையில் கொடுத்துவிடுகிறார். மட்டக்களப்புப் பகுதியில் வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கும்போது கேட்டிருக்கிறவர்களுக்கு இது புதிதாக இராது. முடிவு தெரிந்த சனங்கள்தான் ஒவ்வொரு வருடமும் வந்திருந்து கேட்கிறார்கள்.

இனிக் கம்பனிடம் போவோம். பாலகாண்டத்தில் இராமன் மிதிலைக்கு வருகிறான். அங்கேயும் மதிலில் கொடிகள், அதே காற்று. ஆனால் அந்தக் கொடிகள், நான் செய்த தவத்தால் திருமகள் தாமரையை விட்டு இங்கே வந்திருக்கிறாள், கெதியாக வா என்று மிதிலை நகரமே கை நீட்டி அழைப்பது போல இருந்தனவாம். ஒரே அணி, ஒரே கொடி. ஓரிடத்தில் நெஞ்சு பதறுகிறது, மற்ற இடத்தில் குளிர்கிறது. வேறுபாடு கொடியில் இல்லை, அடுத்து நடக்கப்போவதில் இருக்கிறது. இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துச் சொல்லிக் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு வரைவிலக்கணமே தேவைப்படாது என்பது என் அபிப்பிராயம்.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம், 35 பொருளணிகளில் ஒன்றாகத் தற்குறிப்பேற்றத்தைச் சொல்கிறது. அது வடமொழிக் காவியாதர்சத்தைத் தழுவிய நூல். இங்கே நோர்வேப் பாடசாலையிலும் மகளுக்கு இதற்குக் கிட்டிய ஒன்றைப் படிப்பிக்கிறார்கள். பெஷேலிங் என்று பெயர். ஷேல் என்றால் ஆன்மா. உயிரற்றதற்கு ஆன்மா ஊட்டுவது. இரண்டும் ஒன்றா என்று கேட்டாள். முழுக்க ஒன்றல்ல. மலை சிரித்தது என்றால் பெஷேலிங் ஆகிவிடும். எங்கள் அணிக்கு அது போதாது. தானாக நடக்கிற ஒரு காரியமும் வேண்டும், அதற்குக் கவிஞர் கற்பிக்கிற காரணமும் வேண்டும். காற்றுத்தான் அசைத்தது என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் "போல" என்ற சொல் பெரும்பாலும் கூடவே நிற்கிறது. மகளின் பொய்க் குற்றச்சாட்டுக்கு மறுமொழியும் அந்தச் சொல்தான். பொய் சொல்கிறவன் "போல" என்று சொல்லமாட்டான்.

ஆனால் காரில் நான் அவளுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என் அம்மாவின் கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

1990களில் ஊரிலிருந்து வந்த கடிதங்கள் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வழியில் யாரும் பிரித்துப் படிக்கலாம் என்ற பயத்தோடு எழுதியவை. ஆரையும் பேர் சொல்லி எழுதமாட்டார்கள். அம்மாவின் கடிதத்தில் ஒரு வரி: "முற்றத்து மாமரம் இந்த வருசம் பூக்கேல்லை. ஏறிப் பறிக்க ஆருமில்லையெண்டு அதுக்கும் விளங்கிட்டுது போல."

மாமரம் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தால் அடுத்த வருடம் ஓய்வெடுப்பது வழக்கம். தோட்டக்காரியான அம்மாவுக்கு அது தெரியாததல்ல. மூன்று பிள்ளைகளும் மூன்று நாடுகளுக்குப் போய்விட்டோம், தனியாக இருக்கிறேன், வாருங்கள் என்று அவர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் வருத்தப்பட்டு ஒரு பதில் போட்டிருப்பேன். மரத்தைப் பற்றி எழுதியதால், மிச்சத்தை நானே நிரப்ப வேண்டியிருந்தது. நானே நிரப்பியதால் அது இன்னும் ஆறவில்லை. அம்மா தண்டியலங்காரம் படித்தவர் அல்ல.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இதில் அசைவு என்பதற்குப் பழைய உரை, முன்பிருந்த நிலை கெட்டு வேறொன்றாகி வருந்துவது என்று பொருள் சொல்கிறது. அகதியாய் வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் வேறெங்கும் காணவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த அணியை நாங்கள் மிகவும் மலிவாக்கியும் விட்டோம். கண்ணீர் அஞ்சலிகளில், நினைவுக் கூட்டங்களில், எங்கள் வானொலியிலும்தான், மழை பெய்தால் வானமே அழுதது என்று வாசிக்கிறோம். அதைக் கேட்டு இப்போது ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வையையின் கண்ணீர் எங்களைத் தொடுவதற்குக் காரணம் அது மறைக்கப்பட்டிருப்பது. எல்லோரும் பார்க்க அழுகிற வானத்தில் நிரப்புவதற்கு எங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மகள் அந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். "அடுத்த வருசம் பூத்ததோ?" என்று கேட்டாள். பூத்ததா என்று அம்மா பிறகு எழுதவில்லை. நானும் கேட்டு எழுதவில்லை.

நேயர்களே, உங்கள் பழைய கடிதங்களிலும் இப்படியான வரிகள் இருக்கும். விரும்பினால் அடுத்த மாத இலக்கிய நேரத்தில் தொலைபேசியில் வந்து வாசித்துக் காட்டுங்கள். பெயர் சொல்லவேண்டிய அவசியமில்லை. சங்கப் பாடல்களின் உள்ளுறை உவமத்தைப் பற்றியும் அன்றைக்குக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன்.