தாழிக்குள் இருப்பவரிடம் யார் ஒப்புதல் கேட்பது?

தாமிரபரணியின் தென்கரையில் ஏறத்தாழ 114 ஏக்கரில் பரந்திருக்கும் ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, இரும்புக்காலத் தமிழர் நாகரிகத்தின் சான்றாகவே பெரிதும் பேசப்படுகிறது. அது உற்றார் கூடி, பெரிய மண்தாழிகளில் இட்டு அடக்கம் செய்த மனிதர்களின் இடுகாடு என்பது அப்பேச்சில் மறைந்துவிடுகிறது. 1876-இல் இங்கு வந்த பெர்லின் ஆய்வாளர் ஃபெடோர் யாகோர், மண்கலங்களோடும் இரும்புக் கருவிகளோடும் ஏராளமான எலும்புகளையும் மண்டையோடுகளையும் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த மண்டையோடுகளை அக்கால மானிடவியலார் அளந்து இனவகை பிரித்தனர்.

அளவுகோல் இருந்த இடத்தில் இன்று மரபணு ஆய்வு இருக்கிறது. அதற்காக எலும்பிலோ பல்லிலோ ஒரு பகுதி அழிக்கப்படுகிறது. கிடைக்கும் செய்தியோ, இறந்தவரின் நோயையும் மரபையும் சொல்வதால், உயிரோடிருக்கும் சமூகங்களையும் தொடுகிறது. மருத்துவ, உயிரியல் ஆய்வுகளில் தக்கது எது, தகாதது எது என்று ஆராயும் உயிர்அறவியலின் முதல் நிபந்தனை, ஆய்வுக்கு உட்படுபவரின் ஒப்புதல். தாழிக்குள் இருப்பவரால் அதைத் தர இயலாது.

யுனெஸ்கோ 2005-இல் வெளியிட்ட உயிர்அறவியல், மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம், அறிவியலின் நலனைவிடத் தனிமனிதரின் நலனே முந்தியது என்கிறது. ஆயினும் பிரகடனம் என்பது நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தாத உறுதிமொழியே. இந்தியாவில், தூக்கிலிடப்பட்டவரின் உடலை அரைமணி நேரம் தொங்கவிடும் சிறைவிதி குறித்த வழக்கில், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் ஏற்றது. பழமையான எலும்புக்கு அந்தக் கண்ணியம் எத்தனை நூற்றாண்டு நீளும் என்பதை எந்தச் சட்டமும் தெளிவாக வரையறுக்கவில்லை; 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருள்களின் உடைமையையும் வணிகத்தையும் ஒழுங்குபடுத்துவதற்காக எழுந்தது.

தொல்குடிகள் தம் முன்னோரின் உடலெச்சங்களை மீட்கும் உரிமையை ஐ.நா. 2007-இல் ஏற்றது; ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்திலுள்ள முன்னோரைத் திரும்பப் பெற நாகா மக்கள் முயன்று வருகின்றனர். ஆதிச்சநல்லூருக்கு அப்படி உரிமை கோரும் நேரடி வழித்தோன்றல் எவரும் இல்லை. ஆனால் கோருவோர் இல்லாமை ஒப்புதலாகிவிடாது. பரம்பைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு, எந்த எலும்பு எதற்காக எந்த ஆய்வகத்துக்குப் போகிறது என்பது முன்கூட்டியே தமிழில் சொல்லப்பட வேண்டும்; ஆய்வின் முடிவும் அவர்களிடமே முதலில் வர வேண்டும். பெர்லினுக்குப் போனவர்களின் பட்டியலையும் அந்த ஊர்கள் கேட்கலாம்.