மூச்சை விலைக்கு வாங்கும் எந்திரங்கள்

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டித் தெற்கே சென்றால், கேளம்பாக்கம், திருப்போரூர், ஆலத்தூர் ஆகிய ஊர்களுக்கு அப்பால் பையனூர் வருகிறது. டர்போ எனர்ஜி என்னும் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபைனான்ஸ் ஆகிய சென்னை நிறுவனங்களும், பின்னாளில் போர்க்வார்னரின் பகுதியாகிவிட்ட ஜெர்மானிய டர்போ நிறுவனமும் கூட்டாக 1982இல் இதைத் தொடங்கின. மென்பொருள் அலுவலகங்களுக்காகவே பேசப்படும் இந்தச் சாலையில், காரின் பின்கதவில் ஒட்டப்பட்ட ஓர் எழுத்துப் பட்டையாக மட்டும் டர்போவை அறிந்தவர்களே பலர்; அந்தப் பெயருக்குரிய பொருள் அதே சாலையின் தென்கோடியில் உருவாகிறது என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டர்போ செய்வது என்ன என்பதை அறிய, சாதாரண எந்திரத்தின் வரம்பை முதலில் பார்க்க வேண்டும். நான்கு வீச்சு எந்திரம் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் ஒருமுறை தன் கொள்ளளவுக்குச் சமமான காற்றை உள்ளே இழுக்கிறது என்று சொல்லப்பட்டாலும், உண்மையில் பிஸ்டன் கீழிறங்கி இடம் விட, வெளிக்காற்றின் அழுத்தமே காற்றை உள்ளே தள்ளுகிறது. 999 சி.சி. எந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்று சுழலும்போது, மிகச் சிறந்த நிலையில் அதற்குள் செல்லக்கூடிய காற்று ஏறக்குறைய 1500 லிட்டர். கோடைக்காலச் சென்னையில் அதன் எடை 1.7 கிலோகிராம். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பதால், அந்த ஒரு நிமிடத்தில் சுமார் 115 கிராம் பெட்ரோலை மட்டுமே முறையாக எரிக்க முடியும். அதற்கு மேல் பெட்ரோலை ஊற்றினால் புகைதான் மிஞ்சும். ஆகவே எந்திரத்தின் ஆற்றலை உயர்த்த விரும்புபவருக்கு, கொள்ளளவைப் பெருக்குவது, வேகமாகச் சுழலவிடுவது, காற்றை அழுத்தி உள்ளே திணிப்பது என்னும் வழிகளே உள்ளன.

மூன்றாவது வழி, கார் தோன்றிய காலத்தை ஒட்டியே எண்ணப்பட்டது. எந்திரத்தின் சுழல்தண்டிலிருந்தே பெல்ட் அல்லது பற்சக்கரம் மூலம் ஒரு காற்றழுத்தியை இயக்குவது சூப்பர்சார்ஜர். வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள அழுத்தியை இயக்குவது டர்போசார்ஜர். பின்னதற்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாகிறது என்பதே அவருடைய கருத்துக்கு அடிப்படை. ஆயினும் அவ்வெப்பத்தைத் தாங்கும் உலோகம் அன்று கிடைக்கவில்லை. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களின் டீசல் எந்திரங்களை அவருடைய டர்போ 1750 குதிரைத்திறனிலிருந்து 2500க்கு உயர்த்திக் காட்டும்வரை இருபது ஆண்டுகள் கழிந்தன.

சூப்பர்சார்ஜர் எந்திரத்தின் சொந்த ஆற்றலில் ஒரு பகுதியைத் தின்றுதான் இயங்குகிறது. அதற்குப் பதிலாக, ஆக்சிலேட்டரை மிதித்த உடனே பலன் தருகிறது. இந்தியச் சாலைகளில் இது அரிது என்றாலும், சென்னையின் தென்மேற்கே ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் கூட்டாகத் தொடங்கிய ஆலைக்கு இதனுடன் தொடர்பு உண்டு. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான நிசான் மைக்ரா கார்கள் அங்கேயே கட்டப்பட்டன. 2011இல் அவற்றில் ஒரு வகை, 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எந்திரத்தின் மேல் சூப்பர்சார்ஜருடன் 98 குதிரைத்திறனை எட்டியது. மெதுவாக ஓட்டும்போது ஒரு கிளட்ச் அந்தச் சூப்பர்சார்ஜரை விடுவித்துவிடும் என்பதால், அது ஆற்றலோடு சிக்கனத்தையும் தந்தது. ஒரகடத்தில் பிறந்த அந்தச் சூப்பர்சார்ஜர் வகை உள்ளூர்க் கடைகளில் விற்பனைக்கு வரவேயில்லை.

டர்போ மட்டும் இந்தியாவில் வேரூன்றியதற்கு இயற்பியலுக்கு இணையாக வரிச் சட்டமும் காரணம். நீளம் 4 மீட்டருக்குள்ளும், பெட்ரோல் எந்திரம் 1200 சி.சி.க்குள்ளும், டீசல் எந்திரம் 1500 சி.சி.க்குள்ளும் அடங்கும் காருக்குக் குறைந்த வரி என்னும் விதி 2006இல் வந்தது; 2025 செப்டம்பரில் மாற்றப்பட்ட சரக்கு சேவை வரியிலும் இதே எல்லைக்கோட்டின் ஒருபுறம் 18 விழுக்காடும் மறுபுறம் 40 விழுக்காடும் விதிக்கப்படுகின்றன. கொள்ளளவைப் பெருக்கினால் வரி ஏறும், காற்றைத் திணித்தால் ஏறாது என்றால் தயாரிப்பாளர் எதைத் தேர்வார் என்பதில் ஐயமில்லை. மறைமலைநகர் ஆலையிலிருந்து 2013இல் வெளிவந்த ஃபோர்டு எகோஸ்போர்ட், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ எந்திரத்தில் 125 குதிரைத்திறன் தந்தபோது பலர் நம்ப மறுத்தனர். 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து வந்த நிசான் மேக்னைட் ஒப்பீட்டுக்கு இன்னும் வசதியானது: ஒரே 999 சி.சி. கொள்ளளவு, டர்போ இல்லாமல் 72 குதிரைத்திறன், டர்போவுடன் 100. எந்திரத்தின் முறுக்குவிசையோ 96 நியூட்டன் மீட்டரிலிருந்து 160 ஆக உயர்கிறது. வழக்கில் ‘புல்லிங்’ என்று சொல்லப்படுவது இந்த முறுக்குவிசையைத்தான். மேட்டிலும் முந்தும்போதும் ஓட்டுநர் உணர்வது குதிரைத்திறனைக் காட்டிலும் இதையே.

இனி, விளம்பரங்கள் பேசாத பகுதி. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் போல, அழுத்தப்படும் காற்று எப்போதும் சூடாகிறது. 40 டிகிரி வெயிலில் உள்ளிழுத்த காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால், நடைமுறையில் அதன் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று விரிவதால், இருமடங்கு அழுத்தம் தந்தும் உண்மையில் கிடைப்பது ஒன்றரை மடங்கு காற்றுதான். அதை 60 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டால் ஏறத்தாழ 1.9 மடங்கு கிடைக்கும். இந்தக் குளிர்விப்பைச் செய்வது இண்டர்கூலர் எனப்படும், ரேடியேட்டரை ஒத்த உறுப்பு. அது வேலை செய்ய வேண்டுமானால் அதன்மேல் காற்று வீச வேண்டும். சோழிங்கநல்லூருக்கும் சிறுசேரிக்கும் இடையே, மெட்ரோ ரயில் பணிகளுக்காகக் குறுகிய சாலையில், மே மாத மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரில் அந்த வீச்சு இருப்பதில்லை. டர்போ காரின் திறன் ஆய்வறையில் அளந்தபடியே நாவலூர் சிக்னலிலும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அதே நெரிசலில் இன்னொரு குறையும் வெளிப்படும். சுற்றுகள் குறைவாக இருக்கும்போது புகை போதாது; புகை போதாதபோது டர்பைன் வேகம் பிடிக்காது. மிதித்ததற்கும் இழுப்பதற்கும் இடையிலான இந்தத் தாமதத்தை ‘டர்போ லேக்’ என்பர். சிறிய டர்பைன் விரைவில் வேகம் பிடிக்கும், ஆனால் அதிவேகத்தில் மூச்சுத் திணறும். பெரியது அதற்கு நேர் எதிர். புகை வந்து மோதும் கோணத்தைத் தகடுகளால் மாற்றிக்கொள்ளும் வகை டர்போ இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு சமரசம். ஃபியட் வடிவமைத்து, மாருதி ஸ்விஃப்ட் முதல் பல இந்தியக் கார்களில் ஓடிய 1248 சி.சி. டீசல் எந்திரம் சாதாரண டர்போவுடன் 75 குதிரைத்திறனும், தகடு மாறும் டர்போவுடன் 90 குதிரைத்திறனும் தந்தது. ஆற்றலைக் கூட்டத் தயாரிப்பாளரே உறுப்பை மாற்றினார் என்பதை, கணினியில் எண்களை மட்டும் மாற்றி அதே உயர்வைப் பெற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

எண்களை மாற்றும் அந்த வேலைக்குப் பெயர் ‘ரீமேப்’. எவ்வளவு எரிபொருள், எந்த நொடியில் தீப்பொறி, எவ்வளவு காற்றழுத்தம் என்பவற்றை முடிவுசெய்யும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்தின் அட்டவணைகளைத் திருத்துவதே அது. டர்போ இல்லாத எந்திரத்தில் இதனால் கிடைப்பது சொற்பம். உள்ளே செல்லும் காற்று கூடாதபோது வேறெதுவும் கூடாது. அங்கே ‘பிக்கப்’ வேண்டுவோர் சிலிண்டர் ஹெட்டின் வாயில்களைச் செதுக்கி விரிப்பது, கேம் தண்டை மாற்றுவது, அழுத்த விகிதத்தை உயர்த்துவது என்று பழைய பட்டறை வழிகளையே நாட வேண்டும். டர்போ எந்திரத்திலோ, அழுத்தத்தைச் சற்று உயர்த்தினாலே முறுக்குவிசை கண்கூடாக ஏறுகிறது. ரீமேப் தொழில் செழிப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் தயாரிப்பாளர் விட்டுவைத்த அந்த இடைவெளி மறதியால் விட்டது அன்று. மலிவான பெட்ரோல், அடைத்த காற்று வடிகட்டி, காலங்கடந்து மாற்றப்படும் ஆயில், நாற்பது டிகிரி வெயில் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் சேர்ந்தாலும் எந்திரம் பிழைக்க வேண்டும் என்பதற்கான ஒதுக்கீடு அது. பெட்ரோல் எந்திரத்தில் அழுத்தமும் வெப்பமும் மிகுந்தால், தீப்பொறி மூட்டிய சுடர் சென்று சேருமுன் மிச்சக் கலவை தானாகவே வெடிக்கும். ‘நாக்கிங்’ எனப்படும் இது, தொடர்ந்தால் பிஸ்டனை உடைக்கக்கூடியது. இதை எதிர்க்கும் எரிபொருளின் திறனே ஆக்டேன் எண். இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் நீண்டகாலம் 91 ஆக்டேனாகவே விற்கப்பட்டது; அத்தகைய எரிபொருளில் ஓடும் எந்திரத்தில், ஐரோப்பாவின் 95, 98 ஆக்டேன் எரிபொருளுக்காக எழுதப்பட்ட அட்டவணையை ஏற்றுவது அறிவுடைமையாகாது. நாக்கிங்கை உணரும் கருவி தீப்பொறியைத் தாமதப்படுத்திக் காப்பாற்ற முயலும். அப்போது, காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் சத்தமின்றிக் குறைந்துபோகும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுழலக்கூடியது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடியே அது சுழல்கிறது. ஒருபுறம் 900 டிகிரியைத் தாண்டும் பெட்ரோல் புகை, சில அங்குலத்துக்கு அப்பால் வெளிக்காற்று. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே எந்திரத்தை நிறுத்தினால், ஓட்டம் நின்ற ஆயில் அந்த வெப்பத்தில் கருகிக் கரியாகப் படியும். புதிய கார்கள் பலவற்றில் எந்திரம் நின்ற பிறகும் குளிர்நீரைச் சுற்றவிடும் மின்பம்பு உண்டு. அது இல்லாத பழைய வண்டிகளில் ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் விடுவது நல்லது. நிறுவனம் குறித்த தரத்து ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றாமல் ரீமேப்புக்குச் செலவழிப்பவர், டர்போவின் ஆயுளைத் தாமே குறைத்துக்கொள்கிறார்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வேகத்தின் மேல் தீராத ஆசை உள்ளவர்களுக்குச் சென்னை வேறு இடம் வைத்திருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு பந்தயத் தடத்தைத் திறந்தது. அங்கே எந்திரம் எப்படி மாற்றப்படலாம் என்பதைப் போட்டி விதிகளே வரையறுக்கின்றன. எந்திரம் உடைந்தால் செலவு அணிக்கு, சாலையில் போகும் மற்றவருக்கு ஆபத்தில்லை.