எஸ். ஆர். நாதன்: நாளிதழ் நிர்வாகி, தூதர், அதிபர்

வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் பலர் பதவிகளை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். "முதலில் இதில் இருந்தார், அப்புறம் அதில் இருந்தார்" என்று பட்டியல் நீளும். ஆனால் அந்த மனிதர் மட்டும் கண்ணில் படமாட்டார். ஒவ்வொரு பதவியிலும் அவர் எந்தச் சிக்கலைச் சந்தித்தார், என்ன முடிவெடுத்தார் என்று கேட்டுப் பாருங்கள். கட்டுரை தானாக உயிர்பெறும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் செல்லப்பன் ராமநாதன்.

தொடக்கம்

1924 ஜூலை 3ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தவர். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜொகூரின் முவாரில் வாழ்ந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது, வீட்டைவிட்டும் வெளியேறினார். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். பிறகு வேலை செய்துகொண்டே படித்து, 1954இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டயம் பெற்றார். மருத்துவச் சமூக ஊழியர், கடலோடிகள் நல அதிகாரி, தொழிற்சங்க ஆய்வுப் பிரிவு என்று அவருடைய தொடக்கக்காலப் பணிகள் எல்லாமே சாதாரணத் தொழிலாளர்களோடுதான்.

லாஜு சம்பவம்

1974 ஜனவரி 31. ஆயுதம் தாங்கிய நால்வர் புக்கோம் தீவு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்கினார்கள். பிறகு 'லாஜு' என்ற படகைக் கைப்பற்றி, அதன் ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். அப்போது நாதன் தற்காப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைவர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தாக்குதல்காரர்கள் பத்திரமாக வெளியேற உத்தரவாதமாக, அதிகாரிகள் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி அவர்களோடு குவைத்துக்கு விமானம் ஏறினார். உயிரோடு திரும்புவோமா என்பது தெரியாத பயணம் அது.

நாளிதழுக்குள் உளவுத்துறைக்காரரா?

வெளியுறவு அமைச்சில் நிரந்தரச் செயலாளராக இருந்தவர், 1982இல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நாளிதழ் நிறுவனத்தின் செயல் தலைவரானார். செய்தியாளர்கள் கொதித்தார்கள். உளவுப் பிரிவை நடத்தியவர் வந்தால் அரசாங்கத்தின் கை செய்தி அறைக்குள் நீளாதா என்பது அவர்களின் அச்சம். அச்சம் நியாயமானதுதானே? பிரதமர் லீ குவான் யூவோ, அந்த நாளிதழைப் பீங்கான் கிண்ணத்துக்கு ஒப்பிட்டு, உடைந்தால் ஒட்டலாம், ஆனால் பழையபடி ஆகாது என்று நாதனை எச்சரித்து அனுப்பினார். அவர் அங்கு 1988 வரை இருந்தார். மாணவர்களே, இந்தப் பகுதியை எழுதும்போது புகழ்ச்சி மட்டும் போதாது. பத்திரிகைச் சுதந்திரம் குறித்த அந்தக் கேள்வியையும் ஒரு வரியில் வைத்தால்தான் உங்கள் கருத்து நடுநிலையாக இருக்கும்.

தூதர்

1988இல் மலேசியாவுக்கான தூதரானார். 1986இல் இஸ்ரேலிய அதிபர் சிங்கப்பூருக்கு வந்தபோது மலேசியாவில் பெரும் எதிர்ப்பு எழுந்திருந்தது. அந்தப் பின்னணியில் கோலாலம்பூர் அத்தனை எளிதான இடமல்ல. 1990 முதல் 1996 வரை அமெரிக்காவில் தூதர். 1994இல் அமெரிக்க இளைஞர் மைக்கல் ஃபேவுக்குப் பிரம்படித் தண்டனை விதிக்கப்பட்டபோது, கொதித்துப்போயிருந்த அமெரிக்க ஊடகங்களிடம் சிங்கப்பூரின் சட்டத்தை விளக்கவேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ஒரு சொற்குறிப்பு: காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்புபவர் 'ஹை கமிஷனர்', மற்ற நாடுகளுக்குச் செல்பவர் 'அம்பாசடர்'. நம் தமிழ்ச் செய்திகளில் பெரும்பாலும் இருவரையும் 'தூதர்' என்றே எழுதுகிறோம்.

அதிபர்

1999இலும் 2005இலும் போட்டியின்றி அதிபரானார். இங்கே கவனம் தேவை: சிங்கப்பூர் அதிபர் கட்சி சார்பற்றவராக இருக்கவேண்டும். ஆகவே 'கட்சித் தலைவர்', 'அமைச்சர்' என்று எழுதிவிடாதீர்கள். 2009இல் உலகப் பொருளியல் நெருக்கடியின்போது, கடந்தகால இருப்பிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளியைப் பயன்படுத்த ஒப்புதல் அளித்தார். அப்படி ஒப்புதல் கொடுத்தது அதுவே முதல்முறை. வேலைகளைக் காப்பதும் நிறுவனங்களுக்குக் கடன் கிடைக்கச் செய்வதும் நோக்கம். 2011இல் ஓய்வுபெற்ற நாதன், 2016 ஆகஸ்ட் 22ஆம் தேதி காலமானார்.

வகுப்பில் செய்துபார்க்க

ஆசிரியர்களே, மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து லாஜு, நாளிதழ், தூதரகம், அதிபர் பதவி என்று ஆளுக்கு ஒன்றைக் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் மூன்றே வாக்கியங்கள் எழுதவேண்டும்: சிக்கல் என்ன? அவர் செய்தது என்ன? அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது? பிறகு நான்கையும் இணைக்கச் சொல்லுங்கள். 'மேலும்', 'பிறகு' ஆகிய சொற்களைத் தவிர்த்து, 'ஆயினும்', 'ஆகவே', 'இதனால்' போன்ற இணைப்புச் சொற்களைப் பயன்படுத்தச் சொன்னால், பட்டியல் கட்டுரையாக மாறுவதை அவர்களே பார்ப்பார்கள்.