கத்தி உறைக்கு நடுவில் ஒரு பட்டை

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் குறைந்தது மூன்று கத்தியாவது இருக்கும். சமையல்கட்டுக்கு ஒன்று, புல் வெட்ட பாராங் ஒன்று, கைவேலைக்குச் சின்னதாக ஒன்று. கத்தியைத் தீட்டுவதில் காட்டும் அக்கறையை உறையில் காட்டியவர்கள் குறைவு. பழைய துணியைச் சுற்றி, மேலே சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டி, மோட்டார் சைக்கிளில் சொருகிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம்.

என் அக்காள் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். கயிறு அறுக்க, சாக்கு கிழிக்க ஒரு சின்னக் கத்தி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். நான் முதன்முதலில் செய்த தோல் உறை அந்தக் கத்திக்குத்தான். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபோது, கத்தி முனை உறையின் ஓரத்தைத் தாண்டி வந்து தொடையில் இறங்கிவிட்டது. கிளினிக்கில் நான்கு தையல் போட்டார்கள்.

“உறைக்குள்ளதான் மச்சான் இருந்துச்சு. அது எப்படி வெளிய வந்துச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உறையை வாங்கிப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நூல் வெளியில் தேய்ந்து அறுந்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அறுபட்டிருந்தது. கத்தியை ஒவ்வொரு முறை உள்ளே தள்ளும்போதும் அதன் கூர் நேராகப் போய் தையல்மேல் உரசியிருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது முறை, மூன்று மாதம். எந்த நூலும் தாங்காது.

இதைத் தடுக்க ஒரு சின்னத் துண்டுத் தோல் போதும். இரண்டு பக்கத் தோலுக்கும் நடுவில், கூர் இருக்கும் பக்கம் நெடுக, அதே தோலில் ஒரு விரல் அகலப் பட்டையை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அப்போது கூர் முதலில் அந்தப் பட்டையைத்தான் தொடும். தையல் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். கத்தியின் தடிப்புக்கும் அந்தப் பட்டை இடம் கொடுக்கிறது. கடையில் உறை வாங்குகிறவர்களும் வாய்ப்பகுதியை விரித்து உள்ளே பார்த்து, இந்த இடைப்பட்டை இருக்கிறதா என்று கவனிக்கலாம். இல்லையென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்க வேண்டாம் என்பேன்.

இனி செய்முறைக்கு வருவோம். முதல் முயற்சிக்கு நேரான, ஒரு சாண் நீளத்துக்கு உட்பட்ட கத்தியே நல்லது. வளைந்த அரிவாளுக்கும் பாராங்குக்கும் உறை தைப்பது கை பழகிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

தோல் எல்லாம் ஒன்றல்ல. கைப்பை, சோபா, காலணி மேல்பாகம் ஆகியவற்றுக்கு வருவது பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்ட தோல். அது வளைந்து கொடுக்கும், ஆனால் வடிவம் நிற்காது. உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஊர்களில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்களே, அந்த இனம். இணையக் கடைகளில் ‘வெஜிடபிள் டேன்’ என்று தேடினால் கிடைக்கும். கைக்கு வந்ததும் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. வெட்டிய ஓரம் நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் குரோமியத் தோல். தடிப்பு 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். மாட்டுத்தோல் வேண்டாம் என்று நினைக்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஆட்டுத்தோலை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டித் தைக்கலாம். வேலை கூடும், உறையும் கொஞ்சம் தளர்வாகத்தான் வரும்.

தோலில் நேரடியாகக் கத்தி வைக்காதீர்கள். முதலில் மைலோ பெட்டி அட்டையில் மாதிரி வெட்டுங்கள். அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் கத்தியின் முதுகு வரும்படி வைத்து, சுற்றிக் கோடு போடுங்கள். கூர்ப்பக்கம் இரண்டு விரல் அகலம் கூடுதலாக விடுங்கள். இடைப்பட்டைக்கும் தையலுக்கும் அந்த இடம் தேவை. கத்திப் பிடியில் மூன்றில் ஒரு பங்காவது உறைக்குள் போக வேண்டும், அப்போதுதான் குனிந்தால் விழாது. மாதிரி சரியாக இருந்தால் அதைத் தோலில் வரைந்து, கட்டரால் ஒரே இழுப்பில் அல்லாமல் மூன்று நான்கு இழுப்பில் வெட்டுங்கள்.

பெல்ட் நுழையும் வளையத்தை முதலிலேயே தைத்துவிட வேண்டும். உறையின் ஓரத்தை மூடிய பிறகு ஊசி உள்ளே போகாது. நான் மட்டுமல்ல, தோல் வேலை பழகுகிற பாதிப் பேர் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். சாயம் ஏற்ற விரும்பினால் அதற்கும் இதுதான் நேரம்.

பிறகு ஒட்டும் வேலை. பசை படும் இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, செருப்புக்குப் பயன்படும் மஞ்சள் பசையை இரண்டு முகத்திலும் மெல்லியதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது. இடைப்பட்டை வாயிலிருந்து முனை வரை விட்டுப்போகாமல் போக வேண்டும். அடிநுனியில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி விட்டால், மழைத்தண்ணீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும். நம் ஊர் மழைக்கு இது அவசியம்.

தையல் கோடு ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே, துளைக்குத் துளை 4 மில்லிமீட்டர். மூன்று மடிப்புத் தோலில் ஊசியை மட்டும் வைத்துக் குத்தினால் விரல்தான் போகும். செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் குத்தூசியால் துளை போடுங்கள், அல்லது மெல்லிய ட்ரில் முனையால் நேராக இறக்குங்கள். சாய்ந்து இறங்கினால் பின்பக்கத் தையல் பாம்பு போல நெளியும்.

தையலில் ஒரே நூல், இரண்டு ஊசி. நூலின் இரு நுனியிலும் ஒவ்வொரு மொட்டை ஊசியைக் கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். தையல் இயந்திரத்தில் மேல்நூலும் அடிநூலும் நடுவில் கொக்கி போட்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் அடுத்தடுத்துப் பிரிந்து வரும். கைத்தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். இடுப்பில் கூரான பொருளைச் சுமக்கிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னது அல்ல. இரண்டாவது ஊசியை நுழைக்கும்போது முதல் நூலை ஒருபக்கமாக இழுத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் ஊசி நூலையே குத்திவிடும். தேன்மெழுகு தேய்த்த பாலியெஸ்டர் நூல் போதும். தையல் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பகுதியில் இரட்டைத் தையல் போடுங்கள், கடைசியில் மூன்று துளை திரும்பி வந்து முடியுங்கள்.

அடுத்தது நனைப்பது. அவசரக்காரர்கள் கெடுப்பது இங்கேதான். தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி வருவது குறைந்ததும் எடுத்துவிடுங்கள். கத்தியில் கொஞ்சம் எண்ணெய் தடவி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். பிடி இருக்கும் இடத்தை விரலாலும் கரண்டியின் முதுகாலும் அழுத்தி அழுத்தி வடிவம் எடுங்கள். நகம் படக்கூடாது, ஈரத்தோலில் விழும் கீறல் போகவே போகாது. வடிவம் பதிந்ததும் கத்தியை மெதுவாக உருவிவிட்டு, உறையை நிழலில் காற்றாடிக்கு எதிரே வையுங்கள். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் சுருங்கி, விறைத்து, வெடிக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

காய்ந்த பிறகு ஓரத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று மடிப்பும் தனித்தனியாகத் தெரிகிற ஓரத்தில்தான் தண்ணீர் இறங்கும். முதலில் 220, பிறகு 400, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேயுங்கள். விளிம்பை லேசாக உருட்டி, ஈரத்துணியால் துடைத்து, வழவழப்பான மரக்கட்டையால் வேகமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். உரசும் சூட்டில் நார்கள் படிந்து, மூன்று தோலும் ஒரே தோல் போல மின்னும். கை வலிக்கும். ஆனால் வேலை தெரிந்தவர் செய்ததா, தெரியாதவர் செய்ததா என்பதை ஓரம்தான் காட்டிக்கொடுக்கும்.

மேலே பூச தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த தோல் மெழுகு கொஞ்சம் போதும். எண்ணெயை ஊற்றி ஊறவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊறிய உறை தொளதொளவென்று ஆகிவிடும், அழுத்திப் பதித்த வடிவமும் போய்விடும்.

பயன்படுத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வேலை முடிந்ததும் கத்தியை உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட பொருளும் அதில் இருக்கும். இரண்டும் சேர்ந்து துரு பிடிக்க வைக்கும். கத்தி தனியாக, உறை தனியாக இருக்கட்டும். உறையில் பூஞ்சணம் வந்தால் காய்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் வைத்து, மறுபடி மெழுகு பூசுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்தால் திரும்ப வரும்.

இன்னொன்று, உறை போட்டுவிட்டால் கத்தியை எங்கேயும் கொண்டு போகலாம் என்று இளைஞர்கள் நினைக்கக்கூடாது. 1958ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டப்படி, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். வேலைக்காட்டில் இடுப்பில் இருக்கலாம். வேலை முடிந்து சாப்பாட்டுக் கடைக்குப் போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் நல்லது.

அக்காள் வீட்டுக்காரருக்கு இரண்டாவது உறை தைத்துக் கொடுத்தபோது, அவர் முதலில் செய்தது விரலை விட்டு உள்ளே தடவிப் பார்த்ததுதான். பட்டை இருக்கிறதா என்று பார்த்தாராம். அதன் பிறகு கத்தியைச் சொருகி, மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து நான்கு முறை உதறினார். விழவில்லை. நீங்களும் இடுப்பில் கட்டுவதற்கு முன் இப்படி உதறிப் பாருங்கள். விழுந்தால், பிடி இருக்கும் பகுதியை மட்டும் மறுபடி நனைத்து, அழுத்தி, காயவிட வேண்டும்.